பதினான்காவது கேள்வி

கொட்பே மீனவர் சங்கத்துச் சீமெந்து மண்டபத்தில்
இந்த முறையும் கேள்விகள் என்னுடையவை.
பகலில் நான் தபால் பிரிப்பவள்.
விலாசம் பிழைத்த கடிதங்களுக்கு நடுவே
காணாததையும் கேளாததையும்
பழைய தந்திப் படிவங்களின் முதுகில்
எழுதி வைப்பது எனக்கொரு வருத்தம்.

மூன்று அணி: மாவாலை, ஆசுப்பத்திரி, துறைமுகம்.
மணிக்குப் பதில் மூன்று சில்வர் தட்டு, மூன்று கரண்டி.

முதலாவது சினிமா.
பழைய படங்களில் குதிரை ஓடுகிற சத்தம்
எதிலிருந்து வந்தது?
"குதிரையிலிருந்துதான்" என்றார் மாவாலை வரதலிங்கம்.
பிழை என்றதும்
சம்பளம் வெட்டியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
மற்றத் தட்டுகள் வாய் திறக்கவில்லை.
குசினிக்குள் சொதி வைத்துக்கொண்டிருந்த ஜெஸீமா
திருவி முடித்த சிரட்டை இரண்டைக்
கதவடிப் பலகையில் கவிழ்த்துத் தட்டினாள்.
டொக்கு டொக்கு, டொக்கு டொக்கு.
ஒரு குதிரை மண்டபத்துக்குள் புகுந்து
கடைசி வாங்கடியில் போய் நின்றது.
அவளுக்கு அணி இல்லை.
கரும்பலகையில் நாலாவது கோடு கீறினேன்:
குசினி, ஒன்று.

வருசத்தைவிட நாள் நீளமான கிரகம்?
"வெள்ளி" என்று தட்டினாள் தாதி சுகிர்தமலர்.
"இரவு டியூட்டி பார்க்கிறவைக்கு
இதெல்லாம் ஒரு கேள்வியா?"

நீலத் திமிங்கிலத்தின் இதயம்
நிமிடத்துக்கு எத்தனை தரம் துடிக்கும்?
லூர்துராசா தட்டவில்லை. எழும்பினார்.
"மேல நிக்கேக்கயா, கீழ போனாப் பிறகா?"
என் தாளில் இரண்டு என்றிருந்தது.
"மூச்செடுக்க வந்தா அது அவசரப்படும் தங்கச்சி.
ஒருக்கா என்ட வள்ளத்துக்குக் கீழால போனது.
எண்ணேல்ல.
என்ட நெஞ்சுதான் எனக்குக் கேட்டது."
தாளைத் திருப்பினேன்.
ஓரத்தில், என் கையெழுத்திலேயே:
ஆழத்தில் இரண்டு வரை இறங்கும்,
மேலே வந்தால் முப்பதையும் தாண்டும்.
அவருக்கு ஒன்றரை போட்டேன்.
அந்த அரை, எனக்கான தண்டம்.

பதின்மூன்று, வரலாறு.
உலகத்தில் ஆகக் குறைந்த நேரம் நடந்த யுத்தம்?
வாசித்து முடிக்க முன்னமே விளங்கிவிட்டது,
இதை நான் வேறு ஊரில் கேட்டிருக்க வேண்டும்.
தூக்கிய கரண்டிகள் தூக்கியபடி.
"எவ்வளவு எண்டு நீங்களே சொல்லுங்கோ பிள்ளை"
என்றார் வரதலிங்கம்.
சன்சிபாரில், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறில்,
ஏறக்குறைய முப்பத்தெட்டு நிமிடம்.
"முப்பத்தெட்டு நிமிசம்."
மீன் விலை கேட்டவர்போலத் திருப்பிச் சொன்னார்,
"அவ்வளவு மலிவா?"
ஆரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.
சுகிர்தமலர் சிரிக்கவில்லை.
"ஒரு காலைத் தைச்சு முடிக்கவே
எங்களுக்கு அதைவிடக் கூட எடுக்கும்" என்றாள்,
தட்டைக் கரண்டியால் மெல்லத் துடைத்தபடி.
அந்த வரியில் ஒருவருக்கும் புள்ளி இடவில்லை.

பிறகு கரண்ட் போனது.
மெழுகுதிரி வெளிச்சத்தில் இடியப்பம் வந்தது.
கேடயம் துறைமுகத்துக்கு.
குசினியின் ஒன்று அழியாமல் கிடந்தது.

பதினான்காவதைக் கேட்கவே இல்லை:
இலங்கைக்குத் தெற்கே
பூமியின் ஈர்ப்பு தளர்ந்து போனதால்
கடலே நூறு மீற்றருக்கு மேல்
பதிந்து கிடக்கிறது.
எந்தச் சுழியும் இல்லை, சரிவும் இல்லை.
கப்பலில் போகிறவனுக்கு
இறங்குவது தெரியாது,
ஏறுவதும் தெரியாது.
எங்களைக் கேட்டால்
சரியாகச் சொல்லியிருப்போம் என்றே நினைக்கிறேன்.

பஸ் நிலையத்தடியில் பையைத் திறக்க
அந்தப் படிவம் மட்டும் நழுவி விழுந்தது.
நான் குனிய முந்தி
கச்சான் சரைகளை மேய்ந்துகொண்டிருந்த மானொன்று
அதைக் கவ்வி
நின்று நிதானமாகச் சப்பித் தின்றது.
விடை தெரிந்த மாதிரி ஒரு பார்வை வேறு.
என்ன கொடுப்பது அதற்கு?
உடம்பெல்லாம் ஏற்கெனவே புள்ளி.